ஒரு கைப்பிடி இலைதானே!

பொங்கல் கழிந்த மறுநாள். கிட்வாய் நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். தை மாதத்து டில்லி வெயிலின் அருமை தெற்கிலிருந்து வந்த நமக்குத்தான் தெரியும். கோடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். கரும்பு கிடைத்ததா, குளிர் எப்படி என்றெல்லாம் விசாரித்து முடித்தபின், "அக்கா, இந்த வருஷம் ஏதோ ஆராய்ச்சி செய்யணும்னு சொன்னியே, என்ன அது?" என்று கேட்டான்.

"குறிஞ்சிச் செடிடா. இலை கெடைச்சாத்தான் வேலையே ஆரம்பிக்கும்" என்றேன்.

அவன் சிரித்தான். "அதுக்கா இவ்வளவு யோசனை? விடுதிக்குப் பின்னால மலை பூரா அதுதானே கெடக்குது! ஒரு கைப்பிடி போதுமா? அடுத்த வாரம் எங்க முதலாளியோட மச்சான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல டில்லி வர்றாரு. குடுத்து விடுறேன்."

டில்லித் தமிழர்களுக்கு இது புதிதன்று. ஊரிலிருந்து ரயிலேறும் எவரும் வெறுங்கையோடு ஏறுவதில்லை. சிறுமலை வாழைப்பழம், காப்பித்தூள், அப்பளம், வடகம், யாரோ யாருக்கோ கொடுத்தனுப்பிய கல்யாணப் பத்திரிகை, எல்லாம் புது டில்லி நிலையத்தில் வந்து இறங்கும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் தாராளமாகக் கிடைக்கும் இந்நாளிலும் அந்த வழக்கம் நின்றபாடில்லை. குறிஞ்சி இலையும் அப்படி ஒரு பொட்டலம்தானே என்று எனக்குப் பட்டது. "சரிடா, குடுத்து விடு" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நண்பர்களே, அந்த இரண்டு நாளில் நான் அறிந்தவற்றையும், அதன் பிறகு பல மாதங்களாக எண்ணியவற்றையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நம் சங்கத்தில் விஞ்ஞானம் பயில்வோர் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கேனும் ஊரிலிருந்து இப்படி ஒரு பொட்டலம் வரக்கூடும்.

குறிஞ்சியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 1994, 2006, 2018 என மலைகள் நீலம் போர்த்திய ஆண்டுகளை நம் பெற்றோர் எண்ணி வைத்திருப்பார்கள், அடுத்தது 2030. பூத்து, விதை உதிர்த்தபின் அந்தச் செடி மடிந்துவிடும். காலண்டரும் கடிகாரமும் இல்லாத ஒரு புதர் பன்னிரண்டு ஆண்டுகளை எப்படி எண்ணுகிறது? இலையில் உண்டாகும் ஒரு புரதம் தண்டின் நுனிக்குச் சென்று, பூக்கும் காலம் வந்தது என்று அறிவிக்கிறது என்பதை, நெல்லிலும் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியிலும் 2007-ல் உறுதிப்படுத்தினார்கள். அந்தப் புரதத்துக்குரிய மரபணு குறிஞ்சியில் எவ்வாறு அமைந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. எம்.எஸ்ஸி. மாணவி ஒருத்தி ஐந்து மாதத்தில் பன்னிரண்டாண்டுப் புதிரை அவிழ்த்துவிடப் போவதில்லை. முதல் முடிச்சைத் தொட்டால் போதும் என்றிருந்தேன். தவிர, ஐந்திணையில் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த செடி அது. கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிய பாட்டுக்கும் அதன் பெயர்தான். திண்டுக்கல் சீமையில் பிறந்தவள் டில்லி ஆராய்ச்சிச் சாலையில் அதை எடுத்து ஆராய்வதில் ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பானேன்?

மறுநாள் பேராசிரியரிடம் சென்று, இலை வருகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "யார் அநுமதியோடு?" என்று கேட்டார். ஊரில் என் தம்பி இருக்கிறான் என்று பதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "போய்ச் சட்டத்தைப் படித்துவிட்டு வா" என்றார்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. தொடக்கத்தில் அது விலங்குகளையும் பறவைகளையுமே பெரிதும் கருதியது. 1991-ல் செய்த திருத்தத்தில்தான் செடிகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அன்று பட்டியலில் இடம்பெற்றவை ஆறே. திருப்பதி மலையில் வளரும் பெட்டோம் சைக்கஸ், மேகாலயத்துக் குடுவைச் செடி, நீலவாண்டா, செவ்வாண்டா, செருப்பைப் போன்ற பூவுடைய ஆர்க்கிடுகள், நம் நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று சொல்லும் இமயமலைச் செடி. 2022-ல் மீண்டும் சட்டத்தைத் திருத்தினார்கள். அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு பத்தொன்பது ஆயிற்று. அந்தப் புதுப் பட்டியலில் நீலக்குறிஞ்சியும் ஏறியது.

17-ஏ என்ற பிரிவை இரண்டு முறை படித்தேன். காட்டு நிலத்திலிருந்து இச்செடிகளைக் கிள்ளுவதும் பிடுங்குவதும் சேகரிப்பதும் குற்றம் என்பது எதிர்பார்த்ததே. அதற்கடுத்த வரிதான் என்னைத் திடுக்கிட வைத்தது. உயிருள்ளதாயினும் காய்ந்ததாயினும், முழுச் செடியாயினும் அதன் ஒரு பகுதியாயினும், கையில் வைத்திருப்பதும், விற்பதும், அன்பளிப்பாகக் கொடுப்பதும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்வதும் கூடாதாம். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் சொன்ன "குடுத்து விடு" என்ற சொல்லால் மூன்று பேர் குற்றவாளிகள் ஆகியிருப்பார்கள். கிள்ளிய தம்பி ஒருவன். கிட்வாய் நகரில் வாங்கி வைத்துக்கொள்ளும் நான் ஒருத்தி. நடுவில், என்ன பொட்டலம் என்றே அறியாமல், இரண்டு இரவு ரயிலில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வரும் அந்த முதலாளியின் மச்சான்!

ஆனால் சட்டம் கதவை முற்றும் அடைத்துவிடவில்லை. 17-பி என்னும் அடுத்த பிரிவே அதைத் திறந்து வைக்கிறது. கல்வி, விஞ்ஞான ஆராய்ச்சி, விஞ்ஞான நிலையங்களின் உலர்தாவரக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்தல், அங்கீகாரம் பெற்றவர்கள் பெருக்கி வளர்த்தல் ஆகிய காரியங்களுக்கு, மாநில சர்க்காரின் முன் இசைவு பெற்றுத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அநுமதி அளிக்கலாம். அதாவது சட்டம் எழுதியவர்கள் என்னைப்போன்ற ஒருத்தியை நினைத்தே அந்த வரியை வைத்திருக்கிறார்கள். கேளாமல் எடுக்கப் பார்த்தது என் பிழை.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "காட்டுமாடு தெனமும் மேயுது. அதுக்கு யாரு பெர்மிட் குடுத்தா? பளியருங்க பறிக்கிறாங்க. டூரிஸ்ட்டுங்க காருல வந்து கொத்துக் கொத்தா ஒடிக்கிறாங்க. படிச்ச நீ ஒரு கைப்பிடி எடுத்தா மட்டும் மலை சரிஞ்சிடுமா?"

கேள்வி நியாயமானதே. பளியர் விஷயத்தில் சட்டம் அவனைவிடத் தெளிவாக இருக்கிறது. பழங்குடி மக்கள் தாம் வாழும் மாவட்டத்தில் தம் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்வதற்கு இந்தத் தடை இல்லை. டூரிஸ்ட்டுகள் ஒடிப்பது குற்றம்தான், அகப்படாத குற்றம். காட்டுமாட்டை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. காட்டுமாடு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வேடிக்கையாகச் சொன்ன அந்தப் பதிலில்தான் உண்மையான காரணம் ஒளிந்திருந்தது என்பது பிறகே விளங்கிற்று.

ஒரு கைப்பிடி இலை வந்து சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது நீலக்குறிஞ்சிதான் என்று யார் சொல்வது? பழனி மலைகளில் குறிஞ்சியின் உறவினங்கள் பல உண்டு. பூக்காத ஆண்டில் இலையை மட்டும் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் எளிதன்று. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினாட் உலர்தாவரக் களஞ்சியத்தை நிறுவிய கே. எம். மாத்யூ பாதிரியார், பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999-ல் பெரு நூல் வெளியிட்டார். அத்தகைய நூல்களின் பின்னால் நிற்பவை செடிகளின் படங்கள் மட்டும் அல்ல. எந்த நாள், எந்தச் சரிவு, எவ்வளவு உயரம், சேகரித்தவர் இட்ட எண் எது என்று ஒவ்வொரு தாளிலும் எழுதி ஒட்டியிருப்பார்கள். நாளை எவருக்கேனும் ஐயம் எழுந்தால் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம். என் தம்பியின் பொட்டலத்தில் எது இருந்திருக்கும்? அவன் அன்பு இருந்திருக்கும். விடுதியின் பழைய செய்தித்தாள் ஒன்று இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு குறிஞ்சியின் மரபணு இது என்று நான் எழுதியிருந்தால், அது உண்மையா என்று சரிபார்க்க உலகில் எவராலும் முடிந்திராது.

அநுமதி கேட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாலோ, இக்கேள்விகள் எல்லாம் தாமே வந்து நிற்கின்றன. எந்த இனம்? எந்தப் பகுதி? எத்தனை? எங்கே? எப்போது? யார் எடுப்பார்? மிச்சத்தை என்ன செய்வீர்? நல்ல சோதனைத் திட்டம் ஒன்றும் இவற்றைத்தான் கேட்கும். ஆகவே அநுமதி கேட்பதைச் சோதனைக்கு முன்னால் தாண்டவேண்டிய வேலி என்று நான் இப்போது எண்ணுவதில்லை. சோதனை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எனக்கு மூத்த மாணவர் ஒருவர், வேறோர் ஊரில் படித்தவர், காட்டு ஆர்க்கிட் ஒன்றை வைத்து இரண்டாண்டு உழைத்தார். காவலர் ஒருவரிடம் தேநீர் குடித்துக்கொண்டே வாய்மொழியாக ஒப்புதல் வாங்கிச் செடியைக் கொண்டுவந்தாராம். கட்டுரையை அனுப்பிய இதழிலிருந்து, சேகரித்த அநுமதியின் விவரம் வேண்டும் என்று கடிதம் வந்தது. தேநீர்க் கடையைச் சான்றாகக் காட்ட முடியுமா? கட்டுரை இன்னும் அவர் மேசை அறையில் கிடக்கிறது. இன்று பிளாஸ் ஒன் போன்ற இதழ்கள் களத்தில் சேகரித்தவர்களிடம் அநுமதி விவரத்தைக் கேட்டே வாங்குகின்றன. பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டமும் குறுக்கே வரும். அதை நடத்தும் தேசிய ஆணையம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

விஞ்ஞானிகள் நல்லவர்கள், அவர்களுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று சிலர் கேட்பார்கள். விஞ்ஞானிகள் நல்லவர்கள்தாம். ஆனால் ஒரு பழைய கதை கேளுங்கள். 1850-ல் ஜோசப் ஹூக்கர் என்ற மகா தாவர நூலறிஞர், டார்வினின் நண்பர், காசி மலைகளில் நீலவாண்டா ஆர்க்கிட் மலர்ந்திருக்கக் கண்டார். இங்கே காசி என்பது மேகாலயத்து மலை. கங்கைக் கரைக் காசியன்று. லண்டன் கியூ தோட்டத்துக்கென்று அந்த ஆர்க்கிடை ஏழு ஆள் சுமக்கும் அளவு சேகரித்தார். இங்கிலாந்து வரை உயிரோடு சென்றவை மிகச் சிலவே. அவரோடு தோட்டக்காரனை அனுப்பி இடத்தைத் தெரிந்துகொண்ட ஒரு கனவான், ஒரே ஓர் ஆள் சுமையை அனுப்பி 300 பவுன் சம்பாதித்தார். இவற்றையெல்லாம் ஹூக்கரே தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கெட்டவர் அல்லர். மலை நிறையச் செடி இருந்தது. கை நிறைய எடுத்தார். 1991-ல் அந்த நீலவாண்டா நம் முதல் ஆறு செடிகளின் பட்டியலில் இடம்பெற்றது என்பதை நினைத்தால், என் தம்பி சொன்ன "மலை பூரா கிடக்குதே" என்ற சொல் வேறு விதமாகக் காதில் விழுகிறது.

இலைக்குப் பின்னால் மனிதர்களும் இருப்பார்கள். 1987-ல் அகத்திய மலையில் ஆராய்ச்சிக் குழு ஒன்று ஏறியபோது, வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் சோர்வே இல்லாமல் நடந்தார்கள். அவர்கள் மென்ற பழம் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியினுடையது. பாலோட்டில் உள்ள தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்தார்கள். தயாரிக்கும் உரிமையைப் 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவீதப் பங்குக்கும் கொடுத்து, வந்ததில் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அதற்காக 1997-ல் அறநிலையம் ஒன்றும் ஏற்பட்டது. உலகம் முழுவதும் இதைப் பாராட்டிற்று. ஆயினும் நடுவே, இலையைக் காட்டிலிருந்து எடுக்கலாமா என்பதில் காட்டிலாகாவோடு நெடிய இழுபறி நடந்தது. அறிவு காணிகளுடையது, மலை சர்க்காருடையது, ஆராய்ச்சி விஞ்ஞானிகளுடையது. இலை மட்டும் யாருடையது? பாராட்டுப் பெற்ற ஒரு காரியத்திலேயே இந்தக் கேள்வி இத்தனை ஆண்டு இழுத்ததென்றால், ஒருவரையும் கேளாமல் எடுப்பவன் எத்தனை பேரைத் தாண்டிச் செல்கிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி மறுபக்கம். விடுதியில் என் அறைத்தோழிகள் இருவர் இதைக் கேட்டுவிட்டு என்னைச் சும்மா விடவில்லை. "உங்கள் கிட்வாய் நகரையே பார்" என்றார்கள். கிழக்குக் கிட்வாய் நகரில் பழைய சர்க்கார் வீடுகளை இடித்து, அடுக்கு மாளிகைகள் எழுப்பியதை அங்கு வாழ்ந்தவர்கள் அறிவார்கள். வீட்டுக்கு வீடு நின்ற வேம்பும் நாவலும் என்ன ஆயின? 2018-ல் சரோஜினி நகர், நேதாஜி நகர் பகுதிகளில் கோடரி விழ இருந்தபோது, மக்கள் மரங்களைத் தழுவிக்கொண்டு நின்றார்கள். விவகாரம் டில்லி உயர் நீதிமன்றம் போனபின்தான் வெட்டுவது நின்றது. பழனி மலையிலோ கதை இன்னும் பெரிது. குறிஞ்சி வாழ்ந்த புல்வெளிகளில் வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நட்டது யார்? சர்க்காரே அல்லவா? ஆயிரக்கணக்கான செடிகளின் இடம் போயிற்று. எவரும் சிறைக்குப் போகவில்லை. இருபது இலை எடுக்க ஒரு மாணவி சென்னைக்கு விண்ணப்பம் எழுதவேண்டுமாம்!

இந்த வாதத்துக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. அதில் உண்மை இருக்கிறது. சட்டம் எறும்பை மறித்து யானைக்கு வழி விடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். என்றாலும், யானை போன வழியில் நானும் போவேன் என்று எறும்பு சொல்லுமானால், யானையைத் தடுத்துக் கேட்க யார் மிஞ்சுவார்கள்? சரோஜினி நகரில் மரத்தைத் தழுவி நின்றவர்களுக்கு நீதிமன்றத்தில் பேச இடம் கிடைத்தது. அவர்கள் கையில் ஒரு சட்டம் இருந்தது. குறிஞ்சிப் புல்வெளிக்காக நாளை எவரேனும் வழக்காடினால், 2023 முதல் அவர் கையிலும் ஒரு சட்டம் இருக்கும். அதை நான் பொட்டலம் கட்டி மடிக்க விரும்பவில்லை.

ஆனால் என் குறையையும் சொல்லியாக வேண்டும். 17-பி பிரிவை எத்தனை முறை புரட்டினாலும், இத்தனை நாளுக்குள் விடை தரவேண்டும் என்ற ஒரு வரி அதில் காணவில்லை. மாணவருடைய வாழ்விலோ எல்லாமே நாள் கணக்கு. பல இடங்களில் ஜனவரியில் ஆராய்ச்சித் தலைப்பு கொடுக்கிறார்கள்; மே மாதம் ஏட்டைக் கட்டி வைக்கவேண்டும். இடையில் விண்ணப்பம் எழுதி, துறைத் தலைவர் ஒப்பமிட்டு, மாநில சர்க்காரின் இசைவு பெற்று, காப்பாளர் ஆணையிட்டு, அதன்பின் கோடைக்கானலுக்கு ரயிலேறுவது நடக்கிற காரியமா? பேராசிரியர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இந்த ஆண்டு முடியாது" என்றார். குறிஞ்சி என் கையை விட்டுப் போயிற்று. அன்று மாலை ஐ.என்.ஏ.யிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். அம்மா இரண்டு முறை கேட்டும் என்ன நடந்தது என்று சொல்லத் தோன்றவில்லை.

தலைப்பை முந்தைய ஜூலையிலேயே கொடுத்தால் என்ன? காட்டுச் செடியை நாடும் தலைப்பு எது, சந்தைச் செடி போதும் தலைப்பு எது என்று அப்போதே பிரித்துவிடலாம். விண்ணப்பத்தை மாணவர் பெயரில் அல்லாமல் துறையின் பெயரில் அனுப்பினால், மாணவர் மாறினாலும் அநுமதி வீணாகாது. மூத்தவர்கள் வாங்கிய ஆணைகளின் பிரதிகளை ஒரு கோப்பில் வைத்தால், அடுத்து வருபவர் வெற்றுத் தாளைப் பார்த்து விழிக்கவேண்டியதில்லை. இவை துறைகள் தம் செலவில்லாமல் செய்யக்கூடியவை. சர்க்கார் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வேர் வேண்டாம், பூ வேண்டாம், விதை வேண்டாம், சில கிராம் இலை மட்டும் என்று கேட்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு சிறு விண்ணப்பம் இருக்கட்டும். பேராசிரியர் பொறுப்பேற்று ஒப்பமிடட்டும். விடை இல்லை என்பதாகவே இருந்தாலும் சரி, குறித்த நாளில் வரட்டும். இப்படிக் கதவைத் திறந்தால் கண்டவனெல்லாம் செடியைப் பிடுங்குவான் என்று அஞ்சுவோர் உண்டு. பிடுங்குகிறவன் எந்த நாளும் விண்ணப்பம் எழுதுவதில்லை, ஐயா.

காட்டுக்கே போகாமல் செய்யக்கூடிய காரியங்களும் நிறைய. மேகாலயத்துக் குடுவைச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள்; அதுவும் முதல் ஆறில் ஒன்று. அதன் குடுவையின் விளிம்பு புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்கிறது என்றும், அந்த ஒளியை மறைத்துவிட்டால் வந்து விழும் எறும்புகள் குறைந்துபோகின்றன என்றும் 2013-ல் உலகுக்குச் சொன்னவர்கள் அதே பாலோட்டு நிலையத்தார். கண்டது மேகாலயக் காட்டில் அன்று. கேரளத்தில் தம் தோட்டத்தில் வளர்த்த செடிகளில். இங்கே டில்லியிலும் பூசாவில் தேசியத் தாவர மரபு வளப் பணியகம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் முறைப்படி கேட்டால் ஒப்பந்தம் எழுதி விதை கொடுக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு.

நான் செய்தது அதைவிட எளிது. குறிஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் ஆடாதோடை. டில்லி ரிட்ஜில் அது புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. ஆனால் ரிட்ஜில் 7,777 ஹெக்டேரைக் காப்புக்காடாக்க 1994-ல் அறிவிக்கை செய்திருக்கிறார்கள். அங்கே கை வைத்தால் மறுபடியும் விண்ணப்பம்தான். அதற்குள் அம்மா ஒரு வழி சொன்னாள். எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி ஒரு தஞ்சாவூர் மாமி இருக்கிறார். குளிர்காலத்து இருமலுக்குக் கஷாயம் வைக்க ஆடாதோடை வளர்க்கிறார். போய்க் கேட்டேன். "எவ்வளவு வேணுமோ பறிச்சுக்கோடி கொழந்தே, மேல்கொழுந்தை மட்டும் விட்டுடு" என்றார். நான் பெற்ற முதல் சேகரிப்பு அநுமதி அதுதான், நிபந்தனையோடு கூடியது! அந்த இலையில் மரபணுப் பொருளைப் பிரித்தெடுக்கப் பழகினேன். பசையும் பழுப்புமாக மூன்று முறை கெட்டது. நான்காம் முறை தெளிந்து வந்தது. ஏட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். தலைப்பில் குறிஞ்சி இல்லை.

அந்தப் பயிற்சியில் ஒன்று கண்டேன். சிலிக்கா ஜெல்லில் காயவைத்த இலையில் 20 மில்லிகிராம் இருந்தால் ஒரு சோதனைக்குப் போதும். ஒரு சிறு துண்டு. தம்பி கேட்டபோது நான் ஒரு கைப்பிடி என்று ஒப்புக்கொண்டதற்கு எந்தக் கணக்கும் காரணம் அன்று. ஹூக்கரின் ஏழு சுமைக்கு என்ன காரணமோ அதே காரணம்தான்.

இப்போது துறையின் பெயரில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அநுமதி வந்தால் அதைப் பயன்படுத்தப்போவது நான் அல்ல. அடுத்த ஆண்டு மாணவி ஒருத்தி, மணிப்பூர்க்காரி. குறிஞ்சி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் ஊர்ச் செவ்வாண்டாவைப் போல எங்களுக்கு இது என்றேன், உடனே புரிந்துகொண்டாள். களத்தில் வழிகாட்ட என் தம்பி வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் கோபம் ஆறிவிட்டது. தன் பெயரும் ஆணையில் வருமா என்று கேட்கிறான். அளவு என்ற இடத்தில் நான் "20 இலை" என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு, "5 செடி, செடிக்கு 1 இலை" என்று திருத்திக் கொடுத்தார்.